ஏரித் தண்ணீர் எங்கே போகிறது? நீர்க்கணக்கையும் வெயில்கணக்கையும் சேர்த்து எழுதும் முறை

தை பிறந்து வானம் வெளுத்த பிறகு, புதுச்சேரியின் பாகூர் வட்டாரத்து ஏரிக்கரைகளில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது: நிரம்பிக் கலிங்கல் வழிந்த ஏரி இவ்வளவு விரைவில் எப்படி இறங்குகிறது? வெயில் குடித்துவிட்டது என்பார் ஒருவர். மதகுப் பலகை சரியில்லை என்பார் இன்னொருவர். பூமி இழுக்கிறது, அதனால்தான் கீழண்டைக் கிணறுகள் ஊறுகின்றன என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் யாருடைய பங்கு எவ்வளவு என்று தெரியாமல் மதகைச் செப்பனிடுவதா, தூர் வாருவதா, அடுத்த பட்டத்துக்கு எத்தனை காணி நடலாம் என்பதா, எதையும் நேராக முடிவு செய்ய முடியாது.

நீரின் வரவு செலவை மட்டும் எழுதினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவியாகிப் போனதையும் மண்ணுக்குள் கசிந்து போனதையும் நம் கண்ணால் பார்க்க முடியாது. நீர்க்கணக்கில் அவை இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ‘மீதி’ என்ற ஒரே எண்ணாக நிற்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது வெயிலின் கணக்கு, அதாவது ஆற்றலின் வரவு செலவு. நீர் ஆவியாவதற்கு வெப்பம் செலவாக வேண்டும். ஆகவே ஆவியாதல் என்ற ஒரே செலவு இரண்டு பேரேடுகளிலும் பதிவாகிறது. ஒரு பேரேட்டில் அது மில்லிமீட்டர், மற்றொன்றில் மெகாஜூல். இரண்டையும் அருகருகே வைத்து எழுதும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். கூடவே வரும் எண்கள், நம் பகுதியில் மாசி மாதத்தில் இருக்கக்கூடிய நிலைக்கு ஏற்ப நான் கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு 50 ஹெக்டேர் ஏரிக்கு உரியவை. உங்கள் ஏரிக்கு உங்கள் அளவீடுகளை இட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: எல்லையையும் காலத்தையும் வரையறுத்தல்

எதன் கணக்கை எழுதுகிறோம் என்பதை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஏரியின் நீர்ப்பரப்பு மட்டுமா, நீர்ப்பிடிப்புப் பகுதியும் சேர்ந்தா, ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு வயல்களும் உள்ளே வருமா என்பதைப் பொறுத்து ஒரே தண்ணீர் ஒரு கணக்கில் செலவாகவும் இன்னொரு கணக்கில் வெறும் இடமாற்றமாகவும் தோன்றும். மதகு வழியே வயலுக்குப் போன நீர் ஏரிக்குச் செலவு. ஏரியும் ஆயக்கட்டும் சேர்ந்த எல்லைக்கு அது செலவே அன்று. தொடக்கத்தில் நீர்ப்பரப்பை மட்டும் எடுத்துக்கொள்வதும், மழையே இல்லாத பத்து நாள்களைத் தேர்ந்தெடுப்பதும் நல்லது. வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கும்போது செலவுகளைப் பிரித்தறிவது எளிது.

இரண்டாம் படி: அளவுகளை ஒருமைப்படுத்துதல்

எல்லாவற்றையும் நீர்ப்பரப்பின் மேல் நிற்கும் நீரின் உயரமாக, மில்லிமீட்டரில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரம் நிற்கும் நீர் சரியாக 1 லிட்டர், எடையில் 1 கிலோ. ஒரு ஹெக்டேரில் அது 10,000 லிட்டர். நம் பக்கத்துக் காணிக்கு, அதாவது 576 சதுர அடி கொண்ட குழி நூறு சேர்ந்த காணிக்கு, 1 மி.மீ. என்பது ஏறத்தாழ 5,350 லிட்டர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.44 மெகாஜூல் வெப்பம் தேவை. ஆகவே ஒரு நாளில் 1 மி.மீ. ஆவியானது என்றால் சதுர மீட்டருக்கு 2.44 மெகாஜூல் செலவானது என்று பொருள். இரண்டு பேரேடுகளையும் இணைப்பது இந்த ஓர் எண்தான்.

மூன்றாம் படி: மழை

மழைமானியை மரம், சுவர் ஆகியவற்றிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தொலைவுக்குக் குறையாமல் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். வானிலைத் துறையின் நாள் மழையும் அந்த நேரத்தில்தான் முடிகிறது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். நம் பெரியவர்கள் ‘ஒரு உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்று சொன்னது வேறொரு அளவு என்பதை இங்கே குறித்துக்கொள்வது பயன் தரும். அது எவ்வளவு விழுந்தது என்பதைச் சொல்லவில்லை, மண்ணில் எவ்வளவு ஆழம் ஈரம் இறங்கித் தங்கியது என்பதைச் சொல்கிறது. கொட்டித் தீர்த்து ஓடிவிட்ட மழையும், நாள் முழுக்கத் தூறி ஊறிய மழையும் மழைமானியில் ஒரே எண்ணாக இருக்கலாம். உழவு அளவில் இரண்டும் ஒன்றல்ல. வயலுக்கு நீர்க்கணக்கு எழுதுகிறவர்கள் இரண்டையுமே பதிந்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான்காம் படி: வாய்க்காலும் மதகும்

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொண்டுவருகிறது. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால். வீராணத்துக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு. எந்த ஏரியானாலும் வரத்து வாய்க்காலையும் மதகையும் அளக்கும் முறை ஒன்றே.

வாய்க்காலில் நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைத் தேர்ந்து, இரு முனைகளிலும் குச்சி நட்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தை ஐந்து முறையாவது பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மேற்பரப்பு நீர் அடியில் ஓடும் நீரைவிட வேகமாகச் செல்வதால், கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வாய்க்காலின் அகலம் 60 செ.மீ., நீரின் ஆழம் 30 செ.மீ., பழம் கடந்த நேரம் 22 நொடி என்றால், நொடிக்கு ஏறத்தாழ 70 லிட்டர், அதாவது 2.5 கனஅடி ஓடுகிறது. நாளுக்கு 12 மணி நேரம் மதகு திறந்திருந்தால் பத்து நாளில் 30,240 கனமீட்டர். 50 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் அது 60 மி.மீ. உயரம்.

மதகு மூடிய பிறகும் பலகை இடுக்கில் ஒழுகும் நீரைத் தனியாக அளக்க வேண்டும். நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது அதை விட்டுவிட்டேன். அந்த ஒழுகலெல்லாம் கசிவின் கணக்கில் ஏறி, ஏரி நிலத்தடிக்கு நிறைய நீர் கொடுக்கிறது என்று தவறாக மகிழ்ந்தேன். நொடிக்கு 5 லிட்டர் ஒழுகினாலே ஒரு நாளில் 4,32,000 லிட்டர் ஆகிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இருப்பு

ஆழமான இடத்தில் அளவுகோலை அசையாமல் நட்டு, காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் நீர்மட்டத்தைப் படிக்க வேண்டும். பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால் நீர் ஒரு கரைப் பக்கம் ஒதுங்கி, படிப்பு சில மில்லிமீட்டர் தவறும். மட்டம் இறங்க இறங்க நீர்ப்பரப்பும் சுருங்கும். நம் ஏரிகள் ஆழம் குறைந்து பரந்து கிடப்பவை என்பதால் இந்தச் சுருக்கம் பெரிது. பத்து நாளின் தொடக்கப் பரப்பு, முடிவுப் பரப்பு இரண்டின் சராசரியைக் கொள்ளலாம். நம் ஏரியில் பத்து நாளில் மட்டம் 150 மி.மீ. இறங்கியதாகக் கொள்வோம்.

மழை இல்லை, வரத்து இல்லை. 150-இல் மதகுக்கு 60 போனால் மீதி 90 மி.மீ. நீர்க்கணக்கு இத்துடன் நின்றுவிடுகிறது. இந்த 90 மி.மீ. முழுவதையும் வெயில் குடித்திருக்குமா?

ஆறாம் படி: வெயிலின் வரவு செலவு

இதுதான் வழிகாட்டியின் நடுப்பகுதி. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

வரவு என்பது சூரியக் கதிர்வீச்சு. மாசி நாளில் நம் கடற்கரையில் ஒரு சதுர மீட்டருக்கு 20 மெகாஜூல் விழுவதாகக் கொள்ளலாம். கூரையில் சூரிய மின்தகடு வைத்தவர்கள் சொல்லும் 5.6 யூனிட் இதுவே, ஒரு யூனிட் 3.6 மெகாஜூல் ஆகையால். விழுந்ததில் ஒரு பகுதி எதிரொளித்துப் போய்விடும். நீர்ப்பரப்பு ஏறத்தாழ 7 சதவீதத்தை மட்டும் திருப்பி அனுப்பும் என்பதால் 18.6 நிற்கும். வறண்ட வெண்மணல் இதைப் போல் பல மடங்கு திருப்பி அனுப்பும். ஏரியை வானத்திலிருந்து பார்க்கும்போது கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் அது வெயிலைத் தன்னிடம் வைத்துக்கொள்வதுதான்.

செலவில் முதலாவது, நீர்ப்பரப்பு இரவும் பகலும் வானத்தை நோக்கி வீசும் நெட்டலை வெப்பக் கதிர்வீச்சு. வானமும் கீழ்நோக்கி வீசுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நிகர இழப்பு. காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் இந்த இழப்பு குறைவு. 26 பாகை செல்சியஸ் வெப்பநிலை, 75 சதவீத ஒப்பு ஈரப்பதம் ஆகியவற்றை உலக உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வகுத்த வாய்பாட்டில் இட்டால் 3.3 மெகாஜூல் வருகிறது. 18.6-இல் இது போக நிகரக் கதிர்வீச்சு 15.3.

இரண்டாவது, நீரையே சூடாக்கப் போகும் வெப்பம். சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரின் கீழ் 1,500 கிலோ நீர் நிற்கிறது. அதை 1 பாகை சூடேற்ற 6.3 மெகாஜூல் வேண்டும். பத்து நாளில் நீர் 1 பாகை சூடேறியிருந்தால் நாளுக்கு 0.6 செலவு. எஞ்சியது 14.7.

இந்த 14.7 இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு நீரை ஆவியாக்கி, ஆவியோடு உள்ளுறை வெப்பமாக மேலே போகிறது. மறு பங்கு காற்றை நேரடியாகச் சூடாக்கும் உணர்வெப்பமாகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட ஐரா போவன் 1926-இல் வழி காட்டினார். நீர்ப்பரப்புக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை, அவற்றின் ஆவி அழுத்த (நீராவி தரும் அழுத்தம்) வேறுபாட்டால் வகுத்து, கடல்மட்டத்தில் 0.067 என்ற மாறிலியால் பெருக்கினால் போவன் விகிதம் வருகிறது. நீர்ப்பரப்பு 27 பாகை, காற்று 26 பாகை எனில் வெப்பநிலை வேறுபாடு 1. ஆவி அழுத்த வேறுபாடு 1.04 கிலோபாஸ்கல், விகிதம் 0.064. அதாவது ஆவியாவதற்கு 100 பங்கு போனால் காற்றைச் சூடாக்க 6 பங்குதான் போகிறது. 14.7-ஐ 1.064-ஆல் வகுக்க 13.8 மெகாஜூல், 2.44-ஆல் வகுக்க நாளுக்கு 5.7 மி.மீ. பத்து நாளுக்கு 57 மி.மீ.

நீர்ப்பரப்பிலும் காற்றிலும் தனித்தனியே அளக்க வசதியில்லாதவர்கள் 1972-இல் பிரீஸ்ட்லி, டெய்லர் இருவரும் தந்த எளிய வாய்பாட்டைப் பயன்படுத்தலாம். ஈரமான பரப்பில் அது பெரும்பாலும் பொருந்தும். மேற்கண்ட எண்களை அதில் இட்டாலும் 5.7 மி.மீ. வருகிறது. ஆவியாதல் தொட்டி வைத்திருப்பவர்கள் அதன் அளவை அப்படியே ஏரிக்குச் சொல்லக்கூடாது. இரும்புத் தொட்டியின் பக்கச் சுவரும் சூடேறுவதால் அது ஏரியைவிட வேகமாக வற்றும், 0.7 அளவிலான கெழுவால் பெருக்க வேண்டும்.

ஏழாம் படி: இரண்டு பேரேடுகளையும் ஒன்றாக வைத்தல்

மீதியாக நின்ற 90 மி.மீ. முழுவதும் ஆவியாகியிருந்தால் நாளுக்கு 9 மி.மீ.; அதற்குச் சதுர மீட்டருக்கு 22 மெகாஜூல் தேவை. ஆனால் அந்த நாளில் விழுந்த வெயிலே 20 மெகாஜூல்தான். எதிரொளிப்பு இல்லை, கதிர்வீச்சு இழப்பு இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அவ்வளவு நீரை ஆவியாக்க வெயிலிடம் ஆற்றல் இல்லை. எல்லாவற்றையும் வெயில் குடித்துவிட்டது என்ற பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. வெயில் குடித்தது 57; எஞ்சிய 33 மி.மீ. மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. பத்து நாளில் அது 1 கோடியே 65 லட்சம் லிட்டர். கீழண்டைக் கிணறுகளின் ஊற்றுக்கு அடிப்படை அதுவே.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் எழுதியாக வேண்டும். மட்டம் படிப்பதில் 7 மி.மீ., ஆவியாதலில் 6, மதகில் 8 என்று பிழை இருக்கலாம். ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 12 வருகிறது. ஆகவே கசிவு 33 மி.மீ., 12 கூடலாம் குறையலாம். மீதியாகக் கிடைக்கும் எண்ணில் மற்ற எல்லாப் பிழைகளும் வந்து தங்கும். பிழையைச் சொல்லாமல் 33 என்று மட்டும் சொல்வது நேர்மையான கணக்கு ஆகாது. மூன்று நாள் கணக்கில் பிழையே கசிவை நெருங்கிவிடும். பத்து நாளுக்குக் குறைய வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அக்கினி நட்சத்திரக் காலத்தில், கடற்காற்று நுழையும் முன்பு மேற்கிலிருந்து வீசும் அனல்காற்று நீரைவிடச் சூடாகவும் வறண்டும் இருக்கும். அப்போது உணர்வெப்பம் காற்றிலிருந்து நீருக்குள் வருகிறது, போவன் விகிதம் எதிர்க்குறி பெறுகிறது, ஆவியாதல் நிகரக் கதிர்வீச்சையே மீறக்கூடும். கடற்காற்று எப்போது நுழைந்தது என்ற நேரத்தையும் வைகாசிக் கணக்கில் குறித்து வைக்க வேண்டும்.

எட்டாம் படி: ஆண்டுக் கணக்கு

புதுச்சேரி, கடலூர்ப் பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,300 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 5 மி.மீ. போகிறது என்றால் ஆண்டுக்கு 1,825 மி.மீ. தன் மேல் விழும் மழையை மட்டும் நம்பி எந்த ஏரியும் இங்கே ஆண்டு முழுக்க நிற்க முடியாது. வரத்து வாய்க்கால் அடைபட்டால் ஏரி கோடையைத் தாண்டாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். ஐப்பசி அடைமழையில் நீர் வந்து குவியும்போது வானம் மூடி வெயில் குறைந்திருக்கிறது. சித்திரையில் ஆற்றல் குவியும்போது நீர் இருப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும்படி நீரைச் சில மாதங்கள் பிடித்து வைக்கவே ஏரி வெட்டினார்கள். வறண்ட செம்மண் மேட்டில் சித்திரையில் போவன் விகிதம் 1-ஐத் தாண்டிவிடும். ஆவியாக்க நீரில்லாத வெயில் முழுவதும் காற்றைச் சூடாக்குவதிலேயே செலவாகிறது. ஏரிக்கரையில் நிற்கும்போது உணரும் குளிர்ச்சியை இந்த விகிதமே அளந்து சொல்கிறது.

புயல் நாளுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் இங்கே ஏறத்தாழ 48 செ.மீ. மழை பதிவானது. சதுர மீட்டருக்கு 480 கிலோ நீர். அவ்வளவு நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிவிட்ட வெப்பம் ஏறத்தாழ 1,170 மெகாஜூல், அதாவது இதே இடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் விழும் வெயில். இந்தப் பருவத்தில் நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதையும் பிழிந்தாலும் 6 அல்லது 7 செ.மீ. நீர்தான் தேறும். எனவே அந்த மழை உள்ளூர்க் கணக்கில் அடங்காது: வங்கக் கடலின் பரந்த பரப்பில் பல நாள் வெயில் செலவழித்து எழுப்பிய ஆவியைக் காற்று ஓரிடத்தில் குவித்திருக்கிறது. உலகம் முழுவதையும் ஒரே எல்லையாக எடுத்துக்கொண்டால் இத்தகைய இடமாற்றங்கள் கழிந்துபோகும். ஆவியாதலுக்குச் சதுர மீட்டருக்குச் சராசரியாக 80 வாட் செலவாகிறது, நாளுக்கு 2.8 மி.மீ., ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ. உலகின் சராசரி மழையும் அதுவே.

ஒன்பதாம் படி: கண்ணுக்குத் தெரியாத எல்லை

நிலத்தடி நீரின் எல்லை நிலத்தின் மேலுள்ள நீர்ப்பிடிப்பின் எல்லையோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. கடலூர் மணற்கல் அடுக்குகளில் உள்ள நீர்த்தாங்கி மேற்கே வெளிப்படும் இடங்களில் மழையை வாங்கி, கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து அழுத்தம் பெறுகிறது. நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியிலுள்ள அந்த அழுத்தத்தைக் குறைக்க, சுரங்கத்தின் தரை மேலெழும்பாதபடி, இடைவிடாமல் நீர் இறைக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பரப்பில் கிணற்று மட்டம் இறங்கினால் அதற்குரிய செலவு பல கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்திருக்கலாம். கடலோரத்தில் நன்னீர் இறங்கிய இடத்தில் உப்புநீர் ஏறும் என்பதால், கிணற்று நீரின் உவர்ப்பையும் மட்டத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும்.

உவர்ப்பு ஏரிக்கணக்குக்கும் ஒரு சாட்சி. நீர் ஆவியாகும்போது உப்பு ஏரியிலேயே தங்கிவிடும். மதகு வழியும் கசிவு வழியும் போகும் நீரோ தன் உப்பைத் தன்னோடு எடுத்துச் செல்லும். ஆகையால் வரத்து நின்ற ஏரியில் உப்பின் கூறான குளோரைடின் செறிவு கூடுவது ஆவியாதலால் மட்டுமே. பத்து நாளில் 4 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடும் என்பதால் அது அளவில் சிக்காது. பொங்கல் கழிந்த முதல் வாரத்தில் ஒரு புட்டியும், பிறகு சித்திரை முடியும்வரை மாதம் ஒரு புட்டியுமாக, ஏரி நடுவிலிருந்து நீரெடுத்து, நாளும் மட்டமும் எழுதி ஒட்டி, ஒரே ஆய்வுக்கூடத்தில் கொடுத்து அளந்து வாருங்கள். நான்கு மாதத்தில் செறிவு ஏறிய அளவிலிருந்து கிடைக்கும் ஆவியாதலும், வெயில்கணக்கு சொல்லும் ஆவியாதலும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துவந்தால், மீதியாக நின்ற கசிவை ஆயக்கட்டுக் கூட்டத்தில் எடுத்து வைக்கலாம். ஒத்துவராவிட்டால், மதகுப் பலகையின் ஒழுகலை முதலில் மறுபடி அளந்து பாருங்கள்.